அங்கன்வாடிக்கு டிவியா, ஏபிசிடி நோட்டா? ஏற்காட்டு அக்காவுக்கு பதில்

ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமத்துல இருந்து மகளிர் குழு அக்கா ஒருத்தங்க கேட்டிருக்காங்க. குழுவுல 15,000 ரூபா சேர்ந்திருக்கு, ஊர் அங்கன்வாடிக்கு டிவி வாங்கலாமா, இல்ல கீழ சேலத்துல எல்கேஜி பசங்க எழுதற மாதிரி ஏபிசிடி நோட்டு வாங்கலாமான்னு.

அக்கா, ரெண்டுமே வேண்டாங்க. மூணு வயசுல பென்சில் புடிச்சு எழுதற வலு விரல்ல வந்திருக்காது, அதுக்கு முன்னாடி களிமண்ணு பிசையணும், பேப்பர் கிழிக்கணும், மண்ணுல கோடு இழுக்கணும், இதெல்லாம் பண்ண கையிதான் அப்புறம் எழுதும். டிவி பேசிக்கிட்டே இருக்கும், ஆனா புள்ள "அது ஏன்?"னு கேட்டா பதில் சொல்லாது. புள்ள ஒன்னு சொல்ல நாம ஒன்னு கேக்க அது மறுபடி சொல்லன்னு போனாத்தான் பேச்சு வளரும்.

நான் உங்கள ஒன்னு கேக்கறேன். நவம்பர்ல காப்பிப்பழம் எடுக்க ஆரம்பிச்சதும் எத்தன புள்ளைங்க அங்கன்வாடிக்கு வருது? அம்மா விடியக்காலைல தோட்டத்துக்கு கெளம்பிடுவாங்க, கூட்டிட்டு போக ஆளில்லாம சின்னது வீட்டுலயே கெடக்கும், அத பாத்துக்க நாலாவது படிக்கற அக்காவும் லீவு போட்டுடும், ரெண்டு பேரு படிப்பும் போச்சு. அந்தக் காச இங்க போடுங்க. மாசம் 5,000ன்னு 3 மாசத்துக்கு ஊர்லயே நல்லா கதை சொல்ற பாட்டி ஒருத்தங்களுக்கு குடுங்க, அவங்க காலைல வீடு வீடா போய் புள்ளைங்கள கூட்டிட்டு போகட்டும், அங்கயே உக்காந்து உங்க மலைப் பேச்சுலயே கதை சொல்லட்டும், அம்மா வர்ற வரைக்கும் பாத்துக்கட்டும். அங்கன்வாடி டீச்சர்கிட்ட மொதல்ல பேசிடுங்க, எடை போடறது, சத்துமாவு, ரிஜிஸ்டர்னு அவங்க தலைல ஏகப்பட்ட வேலை, பாவம், கூட ஒரு ஆளு வந்தா சந்தோஷப்படுவாங்க.

விளையாட்டு சாமானுக்கு செலவே இல்ல. காப்பிப்பழத்துலயே பச்சை, மஞ்சள், சிவப்புன்னு தனித்தனியா பிரிக்க விடுங்க, சில்வர் ஓக் இலைய பெருசு சிறுசுன்னு அடுக்க விடுங்க. மூணு வயசுக்கு கீழ உள்ளதுங்க கையில மட்டும் பழம், கொட்டை எதுவும் குடுக்காதீங்க, தொண்டைல சிக்கிடும்.

இன்னொன்னு, 50 பொம்பளைங்களோ அதுக்கு மேலயோ வேலை செய்யற தோட்டத்துல குழந்தை காப்பகம் வெக்கணும்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியிருந்தாங்க. உங்க ஊர்ல எந்த எஸ்டேட்டுக்கு எத்தன பேரு போறாங்க, 6 வயசுக்குள்ள எத்தன புள்ளைங்கன்னு ஒரு நோட்டுல எழுதி, பழம் எடுக்கறதுக்கு முன்னாடியே குழுவா எஸ்டேட்காரங்ககிட்ட போய் காப்பகம் வேணும்னு கேளுங்க.