அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களைத் திரட்டிய போராளி மதர் ஜோன்ஸின் சுயசரிதைப் பழைய பிரதிகளைச் சேகரிக்க விரும்புகிறேன். உண்மையான முதல் பதிப்பை எப்படி அடையாளம் காண்பது, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: விற்பனைப் பட்டியலில் நூல் முதலில் வெளிவந்த ஆண்டான "1925" என்று போட்டிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. இந்தப் புத்தகத்தைத் தேடுபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அந்த ஒரு எண்ணில்தான். 1925-ல் வெளியான நூல்கள் அமெரிக்காவில் 2021 ஜனவரி 1-க்குள் பொதுவுடைமை ஆகிவிட்டன. எனவே யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து, ஆர்டர் வந்ததும் ஒரு பிரதி அச்சிட்டு அனுப்பலாம். அப்படி அச்சாகும் பிஓடி பிரதிகளுக்கும் விற்பவர்கள் ஆண்டு என்ற கட்டத்தில் மூல நூலின் ஆண்டையே நிரப்பிவிடுகிறார்கள். எல்லோரும் வேண்டுமென்றே செய்வதில்லை. பல கடைகளில் நூலக அட்டவணைத் தகவல் தானாகவே வந்து விழுகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

முதல் பதிப்பு சிகாகோவில் சார்லஸ் எச். கெர் நிறுவனத்தின் வெளியீடு. 1886-ல் தொடங்கி, சோஷலிச நூல்களை மலிவு விலையில் தொழிலாளர்களிடம் கொண்டு சேர்த்த பதிப்பகம் அது. தொகுத்தவர் மேரி ஃபீல்ட் பார்ட்டன், முன்னுரை எழுதியவர் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. மொத்தம் 27 அத்தியாயங்கள், 242 பக்கங்கள். விற்பவரிடம் ஐந்து புகைப்படங்கள் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கம், முதுகு, முன் அட்டையைத் திறந்தால் தெரியும் உள்மடிப்பு. இந்த ஐந்தையும் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

242 பக்கம் இருப்பதால் மட்டும் முதல் பதிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1969-ல் நியூயார்க்கின் ஆர்னோ பிரஸ் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்று நூல்வரிசை ஒன்றில் இதை மறுபதிப்பு செய்தது. மூலப் பக்கங்களைப் படமெடுத்து அப்படியே அச்சிடும் இத்தகைய பதிப்புகளில் எழுத்துருவும் வரி முறிவும் பக்க எண்ணும் பழையபடியே இருக்கும். வெளியீட்டாளர் பெயர் உள்ள பக்கத்தைக் கிழித்துவிட்டால், படத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசம் எளிதில் தெரியாது.

நேரில் பார்க்க முடிந்தால் சந்தேகத்தை ஒரு நிமிடத்தில் தீர்க்கலாம். ஒரு தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். 1920-களின் புத்தகங்கள் பெரும்பாலும் உலோக எழுத்தை நேரடியாகத் தாளில் அழுத்தி அச்சானவை. அதனால் மறுபக்கத்தில் எழுத்துகளின் லேசான மேடு தெரியும், விரல் நுனியால் தடவினால் சொரசொரப்பு தட்டுப்படும். பின்னாளில் வந்த ஆஃப்செட் முறையில், அதாவது எழுத்தை அழுத்தாமல் ரப்பர் உருளை வழியாக, அச்சான தாள் வழவழவென்று இருக்கும். பிஓடி பிரதியில் எழுத்து தாளின் மேல் ஒட்டினாற்போல் மெலிதாகப் பளபளக்கும். அதன் கடைசித் தாளில் பெரும்பாலும் ஒரு பார்கோடும், அச்சான இடமும் தேதியும் சின்ன எழுத்தில் இருக்கும். புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எங்கே இருந்தாலும் அது 1925-ன் புத்தகம் அல்ல. பதிப்பாளர் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்குப் பிந்தையது.

மேலுறையோடு (அட்டையின் மேல் சுற்றியிருக்கும் தாளுறை) "முதல் பதிப்பு" கிடைத்தால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வரட்டும். அந்தக் காலத்து மேலுறைகளை வாங்கியவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எஞ்சியவற்றை ஸ்கேன் செய்து நகலெடுத்து விற்பதும் நடக்கிறது. நகல் என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை, சொல்லாமல் விற்றால்தான் மோசடி. மடிப்புக் கோட்டில் மை தேய்ந்து தாளின் வெள்ளை தெரிகிறதா, முதுகுப் பகுதி மற்ற இடங்களைவிட வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு ஆண்டு அலமாரியில் நின்ற உறை முழுக்க ஒரே நிறத்தில் இருக்காது.

ஆசிரியர் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் பிரதி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். மதர் ஜோன்ஸ் 1930 நவம்பர் 30-ல் காலமானார். நூல் வெளிவந்த பின் அவர் இருந்தது ஐந்தே ஆண்டுகள், அதுவும் தள்ளாத வயதில். கையெழுத்து எங்கிருந்து, யார் கைவழி வந்தது என்ற விவரம் இல்லாமல் கூடுதலாக ஒரு டாலர்கூடத் தர வேண்டாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும்: அமிலத்தால் தளர்ந்த பழைய தாளில் பின்னாளில் பேனா மையால் எழுதினால், மை கோட்டின் ஓரங்களில் இறகுபோலக் கசிந்து பரவும். தாள் புதிதாக இருந்தபோது எழுதியதில் கோடு கூர்மையாக நிற்கும்.

படிப்பதற்கு முதல் பதிப்பு சிறந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சுயசரிதை நினைவிலிருந்து சொல்லப்பட்டது, தேதிகள் பல இடங்களில் தவறு. பிறந்தது 1830 என்கிறார். அயர்லாந்தின் கார்க் நகரத் திருமுழுக்குப் பதிவோ 1837 ஆகஸ்ட் 1 என்கிறது. ஆகவே 1972-ல் கெர் நிறுவனம் கொண்டுவந்த பதிப்பைத் தனியாகத் தேடி வாங்குங்கள். தொழிலாளர் வரலாற்றாசிரியர் ஃபிரெட் தாம்ப்சனின் அறிமுகமும் நூற்பட்டியலும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் பிறகும் திருத்திய பதிப்புகள் வந்தன. "மூன்றாம் பதிப்பு" என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கூடுதலாகச் சேர்த்த பக்கங்களுக்காக அவையும் சேகரிக்கத் தகுந்தவையே. டோவர் நிறுவனத்தின் பிற்கால மறுபதிப்பு கையில் வைத்து அடிக்கோடிட்டுப் படிக்க. அதைப் பழம்பொருளாக நினைத்து வாங்க வேண்டாம்.

நிலைமை பற்றி. அமிலம் கலந்த மரக்கூழ்த் தாள் பழுப்பேறுவது இயல்பு, அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. தாள் ஓரம் பொடிந்து உதிர்ந்தால் ஒதுக்குங்கள். முனையை மடித்துச் சோதிக்காதீர்கள், ஒடிந்துவிடும். உள்மடிப்பில், தாள்கட்டை அட்டையோடு பிணைக்கும் வலைத்துணியின் நூல் வெளியே தெரிந்தால் கட்டு விட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தால் இரட்டைச் சேதம்: டேப் காய்ந்து கழன்றாலும் பசையின் மஞ்சள் கறை தாளில் ஊறி நிற்கும். பழைய நூலகப் பிரதிகளைப் புதிதாக பைண்டிங் செய்யும்போது ஓரங்களை வெட்டியிருப்பார்கள். மேல் ஓர வெற்றிடம் கீழ்ப்பக்கத்தைவிட மிகக் குறுகியிருந்தால் அளவெடுத்து வேறு பிரதியோடு ஒப்பிடுங்கள்.

வழக்கமாக நூலக முத்திரை விலையைக் குறைக்கும். ஆனால் இந்த நூலில் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளை ஒன்றின் முத்திரையோ, உறுப்பினர் ஒருவர் கிளை எண்ணோடு எழுதிய பெயரோ இருந்தால், அந்தப் பிரதியைச் சுத்தமான பிரதிக்கு மேலாகவே நான் மதிப்பேன். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கைக்குப் போனதற்கு அதுதான் சாட்சி. அழுக்கு விரல் தடம், பென்சில் குறிப்பு எதையும் ரப்பர் வைத்து அழிக்க வேண்டாம்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்றுமுடிந்த தொகைகளைப் பாருங்கள். கேட்கும் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

வாங்கியதும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சியோ புழுத்துளையோ தெரிந்தால் காற்று புகாத பாலிதீன் பையில் வைத்து மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் தாளில் படிந்து பூஞ்சைக்கு வழிவிடும். பிறகு ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் உள்ள, வெயில் படாத இடம் போதும். உறை போடுவதென்றால் பாலியெஸ்டர் தாள். பிவிசி வேண்டாம், அது காலப்போக்கில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

புத்தகத்துக்குள் பழைய செய்தித்தாள் நறுக்கோ சந்தா அட்டையோ இருந்தால் அங்கேயே விட்டுவைக்க வேண்டாம். செய்தித்தாளின் அமிலம் எதிரெதிர்ப் பக்கங்களில் அதே வடிவத்தில் பழுப்புச் சதுரம் பதித்துவிடும். எந்தப் பக்கங்களுக்கு இடையில் இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் குறித்து, நறுக்கையும் சீட்டையும் தனி உறையில் போட்டு, அந்தப் பிரதிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பின்னாளில் பிரதியைக் கைமாற்றினால் அந்த உறையும் கூடவே போக வேண்டும்.