மான் கடித்த காளானைச் சமைக்கலாமா?

கேள்வி: வேதாரண்யத்தை அடுத்த கடலோரச் சிற்றூரில் வசிக்கிறோம். ஐப்பசி மழை விட்டதும் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இம்முறை புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் முளைத்திருந்தன. சிலவற்றில் மான் கடித்த தடம் இருந்தது. மான் தின்றதை நாமும் தின்னலாம் என்கிறார் என் மாமியார். சரிதானா? விடியற்காலையில் போகும்போது நரியும் எதிர்ப்படுகிறது, பயப்பட வேண்டுமா?

பதில்: அந்தக் காளானைச் சமைக்க வேண்டாம். நம் ஈரலைச் சிதைக்கும் நஞ்சுள்ள காளானைத் தின்றும் முயலும் நத்தையும் தாக்குப்பிடிக்கும். ஆகவே விலங்கின் பல் தடம் நமக்குச் சான்றாகாது. வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை என்று சொல்லப்படும் சோதனைகளும் அப்படியே. இவற்றை நம்பியவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

புல்தரையில் நீங்கள் கண்டது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளானாக இருக்க வாய்ப்பு அதிகம். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் மழைக்குப் பின் பரவலாக முளைக்கும் இதன் வெள்ளைக் குடையின் நடுவில் பழுப்புச் செதில்களும், தண்டில் ஒரு வளையமும் இருக்கும். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும்.

புற்றுக்காளானின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. கறையான்கள் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து அது மேலெழுவதால், தண்டின் அடி வேர்போல நீண்டு ஆழத்துக்கு இறங்கும். குடையின் உச்சி மண்ணைத் துளைத்துவரும் கூர்முனையாக இருக்கும். எனவே தண்டை ஒடித்துப் பறிக்காமல், சிறு களைக்கொட்டால் சுற்றிலும் தோண்டி முழுதாக எடுங்கள். அடியில் கிண்ணம்போல ஓர் உறை தெரிந்தால் அது உயிரைக் குடிக்கும் அமானிட்டா வகையாக இருக்கலாம், தொடாமல் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு குடையைத் தண்டு நீக்கி, மடிப்புகள் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின்மேல் வைத்துக் கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விடுங்கள். காலையில் தாளில் விசிறிக் கோடுகளாக வித்துத்தூள் படிந்திருக்கும். மங்கிய பச்சை என்றால் நான் சொன்ன நச்சுக் காளான்; வெள்ளை என்றாலும் புற்றுக்காளான் அன்று; அதன் தூள் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. நச்சுக் காளான்களிலும் இளஞ்சிவப்புத் தூள் உள்ளவை உண்டு; ஆகவே புற்று, வேர்த்தண்டு, கூர்முனை, தூள் ஆகிய நான்கும் ஒத்துவந்து, பழக்கமான ஒருவரும் நேரில் பார்த்து உறுதி சொன்னால் மட்டுமே அடுப்பில் ஏற்றுங்கள்.

அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் அழிவதில்லை. தின்ற ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி பேதி தொடங்கும். பின்னர் ஒரு நாள் குணமானதுபோலத் தோன்றும் வேளையில் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். காளான் தின்றவருக்கு உடல்நலம் கெட்டால் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

கோடியக்கரைச் சரணாலயத்தின் எல்லைக்குள் பறிப்பதென்றால் பேச்சே வேறு. வெளிமான்களைக் காக்க 1967-இல் அறிவிக்கப்பட்ட அக்காட்டில், வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுப்பதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. எல்லைக்கு வெளியே போகும்போதும் நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள். புல்லில் படுத்திருக்கும் மான்குட்டியை அது கடித்துக் குதறிவிடும்.

நரி தானாகவே விலகிப்போகும், வழிவிட்டு நில்லுங்கள். தள்ளாடியபடியோ அச்சமின்றியோ நெருங்கி வரும் நரிக்கு வெறிநோய் இருக்கக்கூடும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நரியைவிட நான் அஞ்சுவது புற்றில் குடியிருக்கும் நல்ல பாம்புக்கு. நன்றாக விடிந்த பிறகே போங்கள். கை வைக்கும் முன் நீண்ட கோலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள்.