ஈயக்குண்டு சுருங்கி வருதெண்டால் அச்சைப் பாருங்கோ

அச்சின் சூடு காணாது. ஈயத்தில பிழை இல்லை. மீன்வலைக்கு 50 கிராம் குண்டு வார்க்க, தோல் சுருங்கி, கயிற்றுத் துளையடி மூலை வெறுமையாய் வருது எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஈயம் 327 பாகை செல்சியசில உருகும், ஆனால் குளிர்ந்த அலுமினிய அச்சு பட்டவுடனே சூட்டை இழுத்துப்போடும். மூலைக்குப் போக முதலே உறைஞ்சிடும்.

அச்சை மூடி, ஈயம் உருக்கிற சட்டியின்ர விளிம்பில பத்து நிமிசம் வையுங்கோ. பிறகு இடைவிடாமல் அஞ்சாறு குண்டு வார்த்துப் பாருங்கோ. சுருக்கம் வரவரக் குறைஞ்சால் விசயம் அதுதான். குறையேல்லை எண்டால் அச்சில எண்ணெய்ப்பிசுக்கு இருக்கு; புது அச்சில இது வழமை. சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவி, சூடுகாட்டி ஈரம் போக்குங்கோ.

எல்லாம் சரியாகியும் அதே மூலை மட்டும் நிரம்பாட்டில், காத்து அடைபடுது. அச்சு பொருந்துற முகத்தில, அந்த மூலையிலயிருந்து வெளிய, கத்திநுனியால மயிரளவு கோடு ஒண்டு கீறினால் போதும். ஆழமாக் கீறினால் குண்டில செட்டை மாதிரி மெல்லிய ஈயத்தகடு முளைக்கும், பிறகு அராவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குண்டு வெள்ளை பூத்தமாதிரி மங்கலாய் வந்தால் சூடு கூடிட்டுது, கொஞ்சம் ஆறவிடுங்கோ.

பழைய வலையில கழட்டின ஈயத்தை உருகின சட்டிக்குள்ள போடவே வேண்டாம். துளைக்குள்ள ஒரு சொட்டுக் கடல்தண்ணி இருந்தாலும் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு அடிக்கும். ஆறின சட்டியில போட்டு, அதோடயே சூடாக்குங்கோ. பற்றரி ஈயம் வேண்டவே வேண்டாம், அதின்ர கசடு நச்சுவாயு விடும்.