பழைய மரம் அறுக்கும் மெஷின்: கிட் மாற்றும் முன் சீலைப் பாருங்கள்

2018-ல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது டெல்டா பக்கம் ஆளுக்கொரு மெஷின் வாங்கினார்கள். அவையெல்லாம் கைமாறி, கைமாறி இப்போது பட்டறைக்கு வருகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அவற்றைப் பற்றித்தான்.

கே: பழைய 58 சிசி மெஷின் ஒன்று மூவாயிரத்துக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (பேராவூரணி)

போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு வாருங்கள். ஆறிய மெஷின் நாலைந்து இழுப்பில் பிடிக்க வேண்டும். அப்புறம் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். விட்டு விட்டு இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது. கிணற்றில் விட்ட வாளி போல விறுவிறுவென்று இறங்கினால் இல்லை. கேஜ் வைத்திருப்பவர்களுக்கு: 120 பவுண்டுக்கு மேல் நல்லது, 100-க்குக் கீழே செலவு. கடைசியாகச் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்வது? (ஊர் பெயர் இல்லை)

என்ன மெஷின், கடைசியாக எப்போது ஓடியது, பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, எதுவும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் கரண்ட் வரவில்லை, அல்லது சோக்கை இழுத்து வைத்துக்கொண்டே கயிற்றை இழுத்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு ஒழுங்காக எழுதுங்கள்.

கே: 22 அங்குல பாரை (செயின் ஓடும் பட்டை) எடுத்துவிட்டு 30 அங்குலம் போட்டால் பெரிய புளிய மரம் அறுக்கலாமா? (ஆலங்குடி)

போடலாம், அறுக்க முடியாது. 58 சிசிக்கு அவ்வளவு நீளச் செயினை இழுக்கத் தெம்பு கிடையாது, ஆயில் பம்பும் பார் நுனி வரை எட்டாது. நேர்மாறாகச் செய்யுங்கள். 18 அல்லது 20 அங்குல பார், புதுச் செயின், கூடவே செயினை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் புதிது. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் மாட்டினால் அந்தச் செயினும் சீக்கிரம் போய்விடும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் மெஷினே புதிதாகிவிட்டது போலத் தெரியும். மாட்டும்போது பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செயினில் கை வைக்க வேண்டும்.

கே: ஒரே வருடத்தில் இரண்டு கிட் (பிஸ்டன், சிலிண்டர் செட்) மாற்றிவிட்டேன், மூன்றாவதும் சீஸ் ஆகிவிட்டது. டூப்ளிகேட் கிட்தான் காரணமா? (ஒரத்தநாடு)

கிட் மேல் பழி போடாதீர்கள். இதைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடுதான் போகிறது. எங்காவது திருட்டுக் காற்று நுழைந்தால் பெட்ரோலின் பங்கு குறையும், அதோடு ஆயிலும் குறையும், சூடு மட்டும் ஏறும். பிஸ்டன் சைலன்சர் பக்கமாக உருகி இழுத்துக்கொள்ளும், அதுதான் சீஸ். முதல் கிட்டைக் கொன்ற காற்று இன்னும் அங்கேயே இருக்கும்போது நாலாவது கிட்டை மட்டும் விட்டுவிடுமா?

காற்று பெரும்பாலும் வரும் இடங்கள் இரண்டு: கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர், கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் டியூப் வெடித்திருந்தாலும் பலன் அதேதான். அறிகுறி என்னவென்றால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறும். உடனே நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவை மாற்றும் எல் ஸ்க்ரூவையும் எச் ஸ்க்ரூவையும் திருகுகிறார்கள். அன்றைக்குச் சரியாக ஓடும், அடுத்த வாரம் சீஸ்.

நானும் அதைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே மெஷினுக்கு மூன்று பிஸ்டன் போட்டேன், மூன்றாவதுக்கு என் கைக்காசு. பிறகுதான் சைலன்சர் வாயையும் கார்ப்பரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டு வைத்து முறுக்கி அடைத்தேன். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பிளக் ஓட்டை வழியாக ஏழு பவுண்டு அளவுக்கு மெதுவாகக் காற்று ஏற்றினேன். ஃபிளைவீலைக் கழற்றிவிட்டு சீல் மேல் சோப்புத் தண்ணீர் தடவினால், மிளகளவு குமிழி ஒன்று வந்து வந்து உடைகிறது. அந்தச் சீலின் விலை ஒரு பிரியாணிக்குக்கூடக் காணாது. உங்கள் மெக்கானிக் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் கிட்டை வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று, ஆயில் அளவு. டப்பாவில் 50:1 என்று போட்டிருக்கும் நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண 2டி ஆயில் என்றால் 40. மூடிக் கணக்கு, கண் கணக்கு எல்லாம் வேண்டாம். மருந்துக் கடை சிரிஞ்ச் பத்து ரூபாய்.

கே: பைக்கில் வடித்த கருப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா? (பட்டுக்கோட்டை)

கூடாது. அதிலுள்ள இரும்புத் தூள் ஆயில் பம்பைத் தின்றுவிடும், உங்கள் தோலுக்கும் கெடுதல். செயின் ஆயில் கிடைக்காத ஊரில் புது 40 நம்பர் இன்ஜின் ஆயில் போதும்.

கே: மரம் நேராக அறுபடாமல் ஒரு பக்கமாக வளைந்து போகிறது. (முத்துப்பேட்டை)

ஒரு பக்கத்துப் பல் நீளம், மறுபக்கத்துப் பல் குட்டை. எல்லோருக்கும் ஒரு கை வாகு உண்டு, அந்தப் பக்கம் அரம் அழுத்தமாக ஓடும். மிகவும் குட்டையான பல்லைப் பார்த்து மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்குக் கொண்டு வாருங்கள். .325 அங்குலக் கண்ணிச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். ராவும்போதும் பிளக் வயர் வெளியே. அதன் பிறகும் வளைந்தால் பார் விளிம்பு தேய்ந்திருக்கிறது. முற்றிய தென்னையின் வெளிப்பட்டை ஓரம் கல் மாதிரி இருக்கும், விழுந்த மரத்தில் மண்ணும் ஒட்டியிருக்கும். டேங்கில் ஒரு முறை பெட்ரோல் தீர்ந்தால் பல்லை ஒரு முறை ராவ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிராய் விழாமல் மாவு விழுந்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

கே: சைலன்சரில் ஓட்டை போட்டால் பவர் கூடுமா? (திருத்துறைப்பூண்டி)

சத்தம் கூடும். கார்ப்பரேட்டரைத் திருத்தாமல் போட்டால் மேலே சொன்ன சீஸ்தான்.

கே: ஆறு மாதம் கழித்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் கார்ப்பரேட்டர் டயாபிரம் (ரப்பர் சவ்வு) விறைத்துப் போகிறது. (மன்னார்குடி)

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

கே: அப்பா வைத்திருந்த பழைய ஸ்டில் 070 மெஷின் இருக்கிறது. தீப்பொறிக்கான பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் காயில் போடலாமா? (கூடலூர்)

தாராளமாக. பாயிண்ட் தேய்க்கும் தொல்லை விட்டது. நூறு சிசிக்கு மேல் உள்ள மெஷின், கிராங்க் சீலும் மாற்றிவிட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் அந்தப் பழைய மாடலில், எகிறும்போது செயினை நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. பார் நுனி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும், தடுக்க ஒன்றும் இல்லை. கீழே கிடக்கும் மரத்தைப் பலகை போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏணியிலோ தோளுக்கு மேலோ இதைத் தூக்காதீர்கள்.