சவுண்ட்பாரைக் கணினி ஒலிபெருக்கியாகப் பயன்படுத்தலாமா?

தொலைக்காட்சிக்கு வாங்கிய சவுண்ட்பாரை (நீளமான பட்டை வடிவ ஒலிபெருக்கி) மேசைக் கணினியோடு இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இணைக்கலாம், எந்த வழியில் இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமையும்.

பலரும் தடுமாறுவது, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்டிஎம்ஐ துளையில்தான். சவுண்ட்பாரின் பின்புறம் ‘ஏஆர்சி’ என்று குறித்த ஒரே துளை மட்டும் இருந்தால், அது தொலைக்காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பெறுவதற்கானது. கணினியின் கிராஃபிக்ஸ் கார்டுகள் பொதுவாக அவ்வழியில் ஒலியை அனுப்புவதில்லை என்பதால், கேபிளைச் செருகியும் சத்தம் வராது. கணினியில் ஆப்டிகல் துளை இருந்தால் அதையே பரிந்துரைப்பேன். செங்கோட்டையில் என் மேசையில் ஆக்ஸ் வயர் (ஹெட்ஃபோன் துளையில் செருகும் சாதாரண ஒலி வயர்) வழியே ஓயாமல் கேட்ட ரீங்காரம், ஆப்டிகலுக்கு மாறிய அன்றே நின்றது. ஒலி அதில் ஒளியாகச் செல்வதால் இரு கருவிகளுக்கும் இடையே மின்தொடர்பே இல்லை.

புளூடூத் பாட்டுக் கேட்கப் போதும், ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் படத்தொகுப்புக்கு உதவாது. புனலூர்க் கோயில் விழாக் காணொளியைத் தொகுத்தபோது, செண்டையின் தோலில் கோல் பட்டு எழும்பிய பிறகே அடி காதில் விழுந்தது.

சவுண்ட்பார் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்பதற்காக வடிவமைக்கப்பட்டது. மேசையில் அரை மீட்டரில் வைக்கும்போது சப்வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) அளவைக் குறைத்து, சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் காட்டும் சரவுண்டை அணைத்து, ஸ்டீரியோவில் கேளுங்கள்.