அந்தப் பையனின் கால்

அன்புள்ள ஐயா,

ஓடிடி தொடர் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊரில் நடந்த ஒரு கொலைதான் கதை. சாதி, ஊர்ப் பெயர் எதுவும் வரக்கூடாது என்று தயாரிப்புத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது கதையை 2200ஆம் ஆண்டுக்கு, வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் ராட் செர்லிங் செய்ததும் இதுதானே? விளம்பரதாரர்கள் தடுத்ததால்தானே நமக்கு ‘த ட்விலைட் ஸோன்’ என்ற விசித்திரக் கதைத் தொடர் கிடைத்தது? தடை இருந்தால்தான் கலை கூர்மையாகும் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைய தொடர்களுக்கெல்லாம் மூலம் அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சிதான் என்கிறார்கள். ஸ்டார் ட்ரெக், மிஷன் இம்பாஸிபிள், த ஃப்யூஜிட்டிவ் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தேன். மெதுவாக இருக்கின்றன. அவசியம் பார்க்க வேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

பட்டியல் தருகிறேன். அதற்கு முன் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒரு மாதமாக இரவில் நானும் ட்விலைட் ஸோனைத்தான் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்ததால் பதில் நீளமாகிவிட்டது.

மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்கு ஒரே பதில்தான். ட்விலைட் ஸோனின் பெரும்பாலான அத்தியாயங்கள் 25 நிமிடம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

அந்தக் காலத் தொடர்களின் பாதிப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்யூஜிட்டிவின் கடைசி அத்தியாயம் 1967 ஆகஸ்ட் 29 அன்று வந்தது. ஓடிக்கொண்டே இருந்த ஒருவனின் கதைக்கு முடிவு என்று ஒன்று உண்டு என்று தொலைக்காட்சி கற்றுக்கொண்ட நாள் அது. மிஷன் இம்பாஸிபிளையும் ஸ்டார் ட்ரெக்கையும் தொடங்கிவைத்தது ஒரே நிறுவனம், லூசில் பால் என்ற நகைச்சுவை நடிகையின் டெசிலு. சரி, இதெல்லாம் தேடினால் கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். தடை இருந்தால்தான் கலை கூர்மையாகும் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தடை போடுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. நாளை அந்தத் தயாரிப்பாளர் மேடை ஏறி, "நாங்கள் வேண்டாம் என்று சொன்னதால்தான் தம்பி இவ்வளவு நன்றாக எழுதினார்" என்று பேசுவார். நீங்களும் கீழே உட்கார்ந்து கைதட்டுவீர்கள். உங்களை வெட்டியவருக்கு நீங்களே நன்றி சொல்லத் தயாராகிவிட்டீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செர்லிங் என்ன செய்தார் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு அவரைத் துணைக்கு அழையுங்கள்.

1955 ஆகஸ்டில் சிகாகோவைச் சேர்ந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிஸிஸிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லி, இரவில் வீடு புகுந்து தூக்கிப்போய், அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். அவன் அம்மா மேமி டில், சிதைந்த முகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பேசிவிட்டுக் கொலைகாரர்கள் இருவரையும் விடுதலை செய்தது. சில மாதங்களில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள்.

செர்லிங்குக்கு அப்போது முப்பது வயது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் பாராசூட் படை வீரராகச் சண்டையிட்டுக் காயம்பட்டுத் திரும்பியவர். இந்தக் கதையைத் தொலைக்காட்சியில் சொல்லியே தீருவது என்று உட்கார்ந்தார். 1956இல் ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ வந்தது. கறுப்பினச் சிறுவன் போய், கொல்லப்படுகிறவர் ஒரு வயதானவர் ஆகியிருந்தார். தெற்கு மாநிலம் என்ற வாசனையே வரக்கூடாது என்று கதையை வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குத் தள்ளினார்கள். மேஜை மேலிருந்த கோக் பாட்டில்களைக்கூட எடுத்துவிட்டார்கள், கோக் என்றால் தெற்கு ஞாபகம் வந்துவிடுமாம். 1958இல் மறுபடி முயன்றார். ‘அ டவுன் ஹேஸ் டர்ன்ட் டு டஸ்ட்’. இந்த முறை கதை 1870களுக்குப் போனது, கொல்லப்படுகிறவன் மெக்ஸிக இளைஞன் ஆனான்.

பாருங்கள் ம., முதல் தடவை ஊர் மாறியது, இரண்டாம் தடவை காலம் மாறியது. கிரகத்தை மாற்றுவதுதான் பாக்கி.

அந்தக் காலத்து விளம்பரதாரர்களின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1959 ஏப்ரலில் ‘ஜட்ஜ்மென்ட் அட் நூரம்பெர்க்’ நாடகம் ஒளிபரப்பானது. நாஜிகளின் நச்சு வாயு அறைகளைப் பற்றி நடிகர் பேசுகிறார். விளம்பரதாரர் சமையல் எரிவாயு நிறுவனங்களின் சங்கம். அதனால் 'வாயு' என்ற சொல் வரும் இடங்களில் ஒலியை அணைத்துவிட்டார்கள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது எது என்ற ஒரு சொல் மட்டும் காணோம். இதையும் கலையைக் கூர்மையாக்கிய தடை என்று சொல்வீர்களா?

இவ்வளவுக்கும் பிறகுதான், 1959 அக்டோபரில், ட்விலைட் ஸோன் தொடங்கியது. அதற்குச் சற்று முன் ஒரு பேட்டியில் மைக் வாலஸ், முக்கியமான எதையும் தொலைக்காட்சிக்கு எழுதுவதை விட்டுவிட்டீர்களா என்ற பொருளில் செர்லிங்கிடம் கேட்டார். காணொளி இருக்கிறது. கேள்வியை விடுங்கள், அந்த முகத்தைப் பாருங்கள். தோற்றுக் களைத்த ஒரு மனிதரின் முகம் அது. தந்திரம் கண்டுபிடித்தவரின் உற்சாகம் எனக்கு அதில் தெரியவில்லை.

அதற்காக அந்தத் தொடரை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 156 அத்தியாயங்களில் 92ஐ அவரே எழுதினார். 1960இல் வந்த மேப்பிள் தெரு அத்தியாயத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. தெருவில் மின்சாரம் போகிறது, வேற்றுக்கிரகவாசி நம்மோடு இருக்கிறான் என்று ஒரு சிறுவன் கதை சொல்கிறான், பொழுது சாய்வதற்குள் அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் வேட்டையாடத் தொடங்குகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் பாடமாக வைக்கிறார்கள். ஆனால் அதிலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. எம்மெட் டில்லைக் கொன்றவர்களை விடுதலை செய்த ஜூரியில் இருந்த ஒருவர், சோபாவில் சாய்ந்துகொண்டு மேப்பிள் தெருவை நிம்மதியாக ரசித்திருக்க முடியும். "அட, ஜனங்கள் எவ்வளவு மோசம்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கவும் முடியும். எல்லோரையும் பற்றிய கதையில் என்னைப் பற்றி ஒன்றுமில்லை என்று ஒதுங்கிக்கொள்வது சுலபம். மேமி டில் திறந்துவைத்த பெட்டியின் முன்னால் அப்படி ஒதுங்க முடியாது.

ஸ்டார் ட்ரெக்கிலேயே இதைப் பார்க்கலாம். 1969இல் ஒரு அத்தியாயம்: ஒரு கிரகத்தில் சிலருக்கு முகத்தின் வலப்பக்கம் கறுப்பு, சிலருக்கு இடப்பக்கம் கறுப்பு, அதற்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். நிறவெறிக்கு உருவகம். நல்ல எண்ணம்தான், இன்று பார்த்தால் வகுப்பறை சார்ட் போல இருக்கிறது. அதே தொடரில் கறுப்பின நடிகை நிஷெல் நிக்கோல்ஸ் ஊஹுரா என்ற அதிகாரியாக, விண்கப்பலின் மேல்தளத்தில், தன் சொந்த முகத்தோடு வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். முதல் பருவம் முடிந்ததும் விலக நினைத்தவரைப் போகாதீர்கள் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், சிறுவயதில் ஊஹுராவைப் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். எந்தக் குழந்தையும் அந்தப் பாதிக் கறுப்பு முகத்தைப் பார்த்து ஒன்றாகவும் ஆக ஆசைப்பட்டிருக்காது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

1998இல், 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தடுமாறாமல் இருக்கச் செய்த ஒய்-டூ-கே வேலைக்காக நான் நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட்டுக்குப் போனேன். பக்கத்து ஊர் பிங்ஹாம்டன். செர்லிங் வளர்ந்த ஊர் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அந்த டிசம்பர் 31 இரவு, அறைத் தோழர்கள் நியூயார்க் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வெளியே பனி. ஒரு கேபிள் சேனலில் விடிய விடிய ட்விலைட் ஸோன் போட்டார்கள். அதில்தான் ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ பார்த்தேன்.

மார்ட்டின் ஸ்லோன், 36 வயது, விளம்பர நிறுவனத்தில் பெரிய பதவி, வேலை வெறுத்துப்போனவன். காரை ரிப்பேருக்கு விட்டுவிட்டு, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தன் சொந்த ஊருக்குப் போகிறான். ஊர் அவன் சிறுவயதில் இருந்தபடியே இருக்கிறது. அப்பா, அம்மா உயிரோடு இருக்கிறார்கள், அவனை அடையாளம் தெரியவில்லை. சிறுவன் மார்ட்டின் பூங்காவின் வாத்திய மண்டபத் தூணில் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். இந்தப் பருவத்தை அனுபவித்துக்கொள் என்று அவனிடம் சொல்லத்தான் பெரியவன் ராட்டினத்தில் துரத்திக்கொண்டு ஓடுகிறான். பயந்துபோன சிறுவன் கீழே விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். அதே நொடியில் பெரியவனின் காலிலும் வலி. பிறகு, நின்றுபோன ராட்டினத்தின் பக்கத்தில், உண்மையைப் புரிந்துகொண்ட அப்பா வந்து பேசுகிறார். நீ போக வேண்டும், இங்கே இடமில்லை, இந்தக் கோடை அவனுடையது என்கிறார். கோபமே இல்லாமல் சொல்கிறார். மார்ட்டின் நொண்டிக்கொண்டே நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான்.

புத்தாண்டு காலை ஒன்பது மணிக்கு, பத்து டாலர் அட்டையைச் சுரண்டி ஊருக்குப் போன் போட்டேன். அங்கே மாலை ஏழரை. வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஏனோ அப்பாவிடம் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதியவர். அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு ‘ம்’ கூட இல்லை. லைன் போய்விட்டதோ என்று ‘அப்பா, அப்பா’ என்றேன். "இருக்கேன் சொல்லு" என்றார். முடித்ததும் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையனுக்குக் கால் சரியாச்சா?" என்று கேட்டார்.

அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

பிங்ஹாம்டனில் ரெக்ரியேஷன் பார்க் என்று ஒரு பூங்கா. செர்லிங் சிறுவனாக விளையாடிய இடம். குளிர்காலத்தில் ராட்டினக் கூடத்தை மூடிவிடுவார்கள். ஜூன் வரை காத்திருந்து போனேன். வாத்திய மண்டபம் இருக்கிறது. ராட்டினம் சுற்றுகிறது. மரக் குதிரைகளின் கழுத்தில் வண்ணம், கைபட்டுக் கைபட்டு மங்கிய சேணம். காசு கேட்கவில்லை. அந்த வட்டாரத்துக்கு ஆறு ராட்டினங்களைக் கொடுத்தவர் ஜார்ஜ் எஃப். ஜான்சன் என்ற செருப்பாலை முதலாளி, யாரிடமும் கட்டணம் வாங்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். சிறுவயதில் ராட்டினம் ஏறக் காசில்லாதவர் என்பார்கள்.

பின்னால்தான் இன்னொன்றும் படித்தேன். செர்லிங்கின் அப்பா சாம், அதே ஊரில் மளிகையும் பிறகு கசாப்புக் கடையும் வைத்திருந்தவர், 1945இல் மாரடைப்பில் இறந்தார். படையில் இருந்த மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சவ அடக்கத்துக்கு வர முடியவில்லை. 14 வருடம் கழித்து, ராட்டினத்தின் பக்கத்தில் ஒரு அப்பாவை நிறுத்தி, வளர்ந்த மகனிடம் விடைபெற வைத்தார். எந்த விளம்பரதாரருக்குப் பயந்து எழுதியது இது? எதையும் மறைக்க எழுதியதல்ல. ஊரின் பெயரை ஹோம்வுட் என்று மாற்றினார், ஆனால் மண்டபத்தையும் ராட்டினத்தையும் அப்பாவையும் அப்படியே வைத்தார். அதனால்தான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அந்த ஊரைப் பார்த்தே இராத என் அப்பாவுக்கு அந்தப் பையனின் கால் வலித்தது. மேப்பிள் தெருவைச் சொல்லியிருந்தால், நல்ல கதை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

பட்டியல் கேட்டீர்கள். ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ முதலில். அப்புறம் ‘த டிக் வான் டைக் ஷோ’ என்ற நகைச்சுவைத் தொடர், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். கார்ல் ரெய்னர் தன் வீட்டையும் வேலையையும் வைத்தே அதை எழுதினார். நியூ ரோஷெல்லில் அவர் வீடு போனி மெடோ சாலை 48ஆம் எண், தொடரில் வரும் குடும்பத்தின் வீடு அதே சாலையில் 148. ஸ்டார் ட்ரெக்கில் ஊஹுரா பேசாத காட்சிகளிலும் அவரைக் கவனியுங்கள். இப்போதைக்கு இது போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தயாரிப்புத் தரப்பு ஊர்ப் பெயரை எடுக்கச் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் அதை எடுக்கச் சொன்னது யார்? ஊர் இல்லை, செத்தவர் ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் நீங்கள் ஏழாம் வகுப்பு படித்தீர்கள் என்ற ஒன்றுதான். தளத்தில் போட மாட்டேன், எனக்கு மட்டும் எழுதுங்கள். செத்தவர் பெயர் என்ன? எந்தத் தெரு? அன்று காலை பள்ளிக்கூடம் நடந்ததா, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? யாரோடு நடந்து வந்தீர்கள்?