ஆடக் கற்றவருக்கு ஆட்டத்தைப் பார்ப்பது ஏன் கூடுதலாக இனிக்கிறது?

பிறர் ஆடுவதைக் காணும்போது, நம் உடல் அசையாவிட்டாலும் மூளையின் இயக்கப் பகுதிகள் அவ்வசைவை உள்ளுக்குள் ஒத்திகை பார்க்கின்றன. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கால் தானாக பிரேக்கைத் தேடுவது போன்றதே இது. 2005இல் வெளியான லண்டன் ஆய்வில், பாலே கலைஞர்களுக்கும் தற்காப்பும் நடனமும் கலந்த பிரேசிலின் கபோயராவைப் பயின்ற கலைஞர்களுக்கும் தத்தம் கலையின் அசைவுகளைக் கண்டபோதே இப்பகுதிகள் கூடுதலாக இயங்கின. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, என் கணிப்பில், இன்னும் நுட்பமானது: பாலேயில் ஆண், பெண் அசைவுகள் சில வேறானவை, சேர்ந்து பயில்வதால் இருபாலாரும் இரண்டையும் தினமும் பார்ப்பவர்களே எனினும், தாம் ஆடிப் பழகியவற்றுக்கே மூளை மிகுதியாக இசைந்தது. தாவலின் பாரத்தையும் தரையிறங்கும் பக்குவத்தையும் தம் தசைகளால் அறிந்திருப்பதால், பயின்றவரின் ரசனை ஆழமாகிறது. ஆடத் தெரியாதவரால் ரசிக்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. தம்மால் செய்யவே இயலாத அசைவுகளையே நடனம் பயிலாதோர் அதிகம் விரும்பியதாகக் காட்டும் ஆய்வும் உண்டு.